தன்னம்பிக்கைக் கதைகளுக்கு வீட்டாரையும் நண்பர்களையும் வைத்துப் படம் வரைவது: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செங்காவி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு கதைத் தொகுப்புக்கு இப்போது படம் வரைந்துகொண்டிருக்கிறேன். எல்லாமே எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து மனிதர்களின் கதைகள். கல்குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டே அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்று, சைக்கிளும் ஓட்டப் பழகிய ஒரு பெண். குடியை விட்டுவிட்டுத் தன் தச்சுப் பட்டறைக்குத் திரும்பிய ஒரு தகப்பன். கடைசிப் பேருந்தில் கிடந்த பணப்பையோடு விடியும்வரை உரியவரைத் தேடிய நடத்துனர். கதைக்கு ஒரு முழுப்பக்க நீர்வண்ண ஓவியம், உள்ளே சின்னச் சின்னக் கோட்டோவியங்கள்.

இந்த மாதிரிக் கதைகளுக்கு இணையத்தில் கிடக்கும் புகைப்படத்தைப் பார்த்து வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் வரும் முகங்கள் யாரோ ஒருவரின் விளம்பரச் சிரிப்பைத்தான் சிரிக்கின்றன. ஜல்லி உடைத்த கையில் காய்ப்பு எங்கே இருக்கும் என்று அந்தப் படங்களுக்குத் தெரியாது. என் அத்தைக்குத் தெரியும். அதனால் அத்தை, மாமா, எதிர்வீட்டு அண்ணன், தோழியின் மகள் என்று தெரிந்தவர்களையே மாடலாக வைத்து வரைகிறேன்.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, கேமராவைத் தூக்கினாலே எல்லோரும் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நிற்கிறார்கள். இரண்டு, குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் அந்தத் தகப்பனாக யார் உட்காருவது? மாமா சரி என்றுவிட்டார். அத்தைக்குத்தான் மனம் வரவில்லை. "நாளைக்குப் புத்தகம் வந்தா ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். இதையெல்லாம் எப்படிக் கையாள்கிறீர்கள்?

கரிக்கோல்

செங்காவி, நல்ல விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்த வழியில் வாழ்நாள் முழுக்க வேலை செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது.

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல். 1939இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். 1953இல் அங்கிருந்து மாசச்சூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜுக்கு மாறினார். சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகைக்கு முந்நூறுக்கும் மேல் அட்டைப்படங்கள் வரைந்தவர். அவற்றில் பெரும்பகுதி முகங்கள் அவருடைய அக்கம்பக்கத்தார் முகங்கள்தான். கடைக்காரர், டாக்டர், பள்ளிப் பிள்ளைகள், சொந்த மனைவி, மகன்கள், அம்மா எல்லோரும் படத்தில் இருக்கிறார்கள்.

ஆரம்ப காலத்தில் ஆளை நேரில் உட்கார வைத்துத்தான் வரைந்தார். சிறுவர்களை அசையாமல் இருக்கச் செய்யச் சில்லறைக் காசுகளை மேசையில் அடுக்கி வைப்பார். நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசை மறுபக்கம் தள்ளுவார். அந்தப் பக்கம் சேர்வதெல்லாம் பையனுக்கு. 1930களின் நடுவிலிருந்து புகைப்படத்துக்கு மாறினார். ஷட்டரைப் பெரும்பாலும் அவர் அழுத்துவதில்லை, அதற்கு ஒரு ஆள் இருந்தார். ராக்வெல் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நடித்துக் காட்டுவார். புருவத்தைத் தூக்குவார், தோளைக் குறுக்குவார், வாயைப் பிளப்பார். மாடல் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். "சோகமா இருங்க" என்று நாம் சொன்னால் அத்தை என்ன செய்வார், பாவம்? நாமே முதலில் செய்து காட்டினால் விறைப்பு பாதி போய்விடும். அத்தை முன்னால் நீங்கள் கூச்சத்தை விட்டால்தான் அவரும் விடுவார்.

அடுத்து அந்தக் குடிகாரத் தகப்பன் பிரச்சினை. 1948 மார்ச்சில் ராக்வெல் ஒரு அட்டைப்படம் வரைந்தார். ஊரில் ஒரு வம்பு வாய்க்கு வாய் தாவுவதுதான் விஷயம். இரண்டிரண்டு தலைகளாக வரிசை வரிசையாகப் போகும். எல்லாம் ஆர்லிங்டன் முகங்கள். அக்கம்பக்கத்தாரை வம்பர்களாகக் காட்டினால் வருத்தப்படுவார்களே என்ற கவலை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் செய்தது, தன் மனைவியையும் தன்னையும் அதே படத்துக்குள் வைத்தார். வம்பு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவர் காதுக்கே வரும், தொடங்கி வைத்த பெண்ணை விரல் நீட்டிக் கேட்பவர் ராக்வெல்தான். சங்கடமான வேடத்துக்கு ஓவியர் தன்னையும் தன் வீட்டாரையும் முதலில் நிறுத்துவது ஒரு நல்ல வழக்கம் என்று நினைக்கிறேன்.

நீர்வண்ணம்63

ஒரு மாற்றுக் கருத்து. பெரியவன் என்ற முறையில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் வார இதழ்களில் படம் போட்ட காலத்தில் கதை மதியம் கைக்கு வரும், மாலைக்குள் படம் போக வேண்டும். மாடலும் கிடையாது, கேமராவும் கிடையாது. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் உட்கார்ந்து வரைந்து வரைந்து தலைக்குள் ஒரு ஊரே இருக்கும். கதைக்கு வேண்டிய ஆளை அங்கிருந்து எழுப்பிக்கொள்வோம். இப்போது வரும் பல புத்தகப் படங்களில் புகைப்படம் அப்பட்டமாகத் தெரிகிறது. சட்டை மடிப்பு ஒவ்வொன்றும் இருக்கிறது, ஆள் இல்லை. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று கேமராவுக்குத் தெரியாது. அதைப் பார்த்து வரைபவரும் தெரிந்துகொள்ள மறுத்தால் அந்தப் படத்தில் ஓவியருக்கு வேலையே இல்லை.

இன்னொன்று, தெரிந்த முகம் கதையைக் கெடுக்கும். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ 1600களின் தொடக்கத்தில் ரோம் நகரத் தேவாலயம் ஒன்றுக்காக மரியாளின் மரணத்தை வரைந்தார். தேவாலயத்தார் ஏற்க மறுத்துவிட்டார்கள். மரியாளாகப் படுத்திருந்தது ஊரறிந்த ஒரு விலைமாது என்பதுதான் காரணம் என்று அந்தக் காலத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உடல் உப்பியிருந்தது, கால் தெரிந்தது என்று வேறு காரணங்களும் சொன்னார்கள். அந்தப் படம் இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் முன்னால் கூட்டம் நிற்கிறது. ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு மரியாள் தெரியவில்லை, அந்தப் பெண்தான் தெரிந்தாள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், "ஐ, செங்காவி அக்கா மாமா!" என்று கத்துவார்கள். கதை அங்கேயே நின்றுபோகும்.

செங்காவி

ஐயா, கோபமெல்லாம் இல்லை. மடிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் சைக்கிள் படத்தை வைத்து என் பக்கத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளியோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் பழகியது ஒரு பெரிய அலை. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, அதனால் நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். சிலருக்கு அதுவே வசதியாகவும் இருந்தது, பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். சரி, பார் வைத்த சைக்கிளில் சேலை கட்டிய பெண் எப்படி ஏறுவாள்? கொசுவம் எங்கே போகும்? முந்தானையை எங்கே செருகுவாள்? தலைக்குள் இருந்த ஊரில் எனக்கு இதற்குப் பதில் இல்லை.

அத்தை அந்த நாளில் பழகியவர். பழைய சைக்கிளைக் கடன் வாங்கி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். அவர் பேசிக்கொண்டே சேலையைச் சற்று தூக்கிச் செருகி, இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டார். ஏறின பிறகு முதல் வேலையாகக் கீழே செயினைப் பார்த்தார், சேலை மாட்டுமோ என்று. அந்தக் குனிந்த பார்வைதான் என் படம். ரோட்டைப் பார்த்துச் சிரிக்கும் வீராங்கனையை நான் வரைந்திருப்பேன், அத்தை இல்லாவிட்டால். பயமும் பிடிவாதமும் ஒரே கழுத்தில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது அவர்தான்.

முகம் வரையவே எனக்கு அவர் தேவைப்படவில்லை. உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியத்தான் தேவைப்பட்டார்.

கரிக்கோல்

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், நீங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். நீர்வண்ணம் ஐயாவின் கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது: மாடலை அப்படியே எடுத்து வைப்பது கட்டாயமில்லை.

1943 மே மாத இதழ் ஒன்றின் அட்டைக்கு ராக்வெல் வரைந்த தொழிற்சாலைப் பெண் ரோஸி. மடியில் ரிவெட் அடிக்கும் துப்பாக்கி, கையில் சாண்ட்விச், பெரிய தோள்கள். மாடலாக உட்கார்ந்தது ஆர்லிங்டன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த 19 வயதுப் பெண். ஒல்லியான உடம்பு. ராக்வெல் அவள் முகத்தையும் தலைமுடியையும் வைத்துக்கொண்டு, உடம்பை மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் வரைந்த ஏசாயா தீர்க்கதரிசியின் உட்காரும் நிலைக்கு மாற்றிவிட்டார். பல வருடம் கழித்து அவளுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் எழுதினார், அவ்வளவு பருமனாக ஆக்கியதற்கு.

அதே ஆண்டு வந்த, நான்கு சுதந்திரங்கள் என்ற அவருடைய நான்கு ஓவிய வரிசை இன்னும் நல்ல உதாரணம். 1941 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பேசிய உரைக்குப் படம் போட ராக்வெல் பெரிதாகத் திணறினார். அப்போது அவருக்கு ஊர்க் கூட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. எரிந்துபோன பள்ளியைத் திரும்பக் கட்டும் திட்டத்தை எதிர்த்து ஒரு விவசாயி எழுந்து பேசினார். யாருக்கும் உடன்பாடில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். பேச்சுச் சுதந்திரம் படம் அங்கேயிருந்துதான் வந்தது. ஆனால் படத்தில் எழுந்து நிற்பவர் அந்த விவசாயி இல்லை, ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்த இன்னொருவர். நடந்தது ஒருவருக்கு, முகம் வேறொருவருடையது. அந்தப் படத்தையும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை, வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்ப ஆரம்பித்தார்.

அதே வரிசையில் உள்ள வான்கோழி விருந்துப் படத்தில் தட்டை வைக்கும் மூதாட்டி அவர் வீட்டுச் சமையல்கார அம்மாள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ராக்வெல்லின் மனைவியும் அம்மாவும் உண்டு. அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த மேசையில் உட்காரவில்லை. தனித்தனியாகப் புகைப்படம் எடுத்துப் படத்தில்தான் ஒன்றாகச் சேர்த்தார். இந்த நான்கு ஓவியங்களும் 16 நகரங்களுக்குப் போயின, 12 லட்சம் பேர் பார்த்தார்கள், போர்க் கடன்பத்திர விற்பனைக்கு 13 கோடி டாலருக்கு மேல் திரட்ட உதவின. பக்கத்து வீட்டு முகம் கதையைச் சிறியதாக்கிவிடும் என்ற பயத்துக்கு இதைவிட என்ன சொல்ல?

அச்சுக்கூடம்

வணக்கம். நான் ஓவியர் இல்லை, புத்தகம் அச்சடிக்கும் பக்கத்தில் இருப்பவன். நண்பர்கள் அனுப்பும் படங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சொல்கிறேன்.

செல்போனின் சாதாரண லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கைநீட்டும் தூரத்தில் நின்று முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் ஓடும். அதை அப்படியே வரைந்தால் மாமா கேலிச்சித்திரம் ஆகிவிடுவார். ஏழெட்டு அடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு பக்கத்து வெளிச்சம், அது போதும். மறுபக்கம் நிழலாக இருக்கட்டும், அந்த நிழல்தான் முகத்துக்கு உருவம் தரும்.

தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பதாக இருந்தால் கேமரா உயரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரை நின்றுகொண்டும் இன்னொருவரை உட்கார்ந்துகொண்டும் எடுத்தால், படத்தில் ஒருவர் குழிக்குள் நிற்பார். முக்காலி இல்லாவிட்டால் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு எடுங்கள். வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். காலை வெயிலில் ஒருவர், மாலை வெயிலில் ஒருவர் என்றால் அச்சில் அது உடனே காட்டிக் கொடுக்கும்.

பிறகு தோல் நிறம். நம் ஊர் முகங்களை நீர்வண்ணத்தில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து அழகாகக் கொண்டுவருகிறீர்கள். பளபளப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளில் மை பரவும், அடர்ந்த பழுப்பு இன்னும் அடர்ந்து நிழல் பகுதி ஒரே கறையாகிவிடும். இதற்குத் தீர்வு தோலை வெளுப்பாக்குவது இல்லை. நிழலுக்குள் கொஞ்சம் காற்று விடுங்கள், மிக ஆழமான இடங்களை மட்டும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளில் புத்தகம் வரப்போகிறதோ அதே தாளில் ஒரு பக்கம் மாதிரி அடித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க ஓவியருக்கு உரிமை உண்டு.

செங்காவி

அச்சுக்கூடம் அண்ணா, மிக்க நன்றி. சுவரில் கோடு போடும் யோசனையை இன்றே செய்கிறேன்.

தோல் நிறம் பற்றிச் சொன்னீர்களே, அது என் மனதில் ஆழமாக இருக்கும் விஷயம். முன்பு ஒரு பதிப்பகத்துக்கு வரைந்தபோது, நன்றாகப் படித்து முன்னேறும் பெண்ணை "கொஞ்சம் கலரா" போடச் சொன்னார்கள். கதையின் ஆரம்பத்தில் வறுமையில் இருக்கும்போது கறுப்பாக இருக்கலாமாம், முன்னேறிய பிறகு வெளுக்க வேண்டுமாம். மாடலாக வந்தது என் தோழியின் மகள். அவளிடம் போய் உன் நிறம் கதைக்குப் பொருந்தவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? மறுத்துவிட்டேன், வேலை வேறு ஒருவருக்குப் போனது.

தெரிந்தவர்களை வைத்து வரைவதில் இருக்கும் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். கற்பனை முகத்தை யார் சொன்னாலும் மாற்றிவிடலாம். அத்தையின் முகத்தை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடுகிறது.

மறைந்த ஓவியர் இளையராஜாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்தவர். தன் குடும்பத்துப் பெண்களையும் ஊர்ப் பெண்களையும் அவரவர் நிறத்தில், அவரவர் வீட்டு வாசற்படியில், அடுப்படி வெளிச்சத்தில் வரைந்தார். பத்திரிகைக் கதைகளுக்கும் வரைந்தார். 2021 ஜூனில் கொரோனாவுக்கு அவரைப் பறிகொடுத்தோம். அவர் படங்களைப் பார்த்த பிறகு நம் வீட்டுப் பெண்களின் நிறத்துக்கு எத்தனை வண்ணம் தேவைப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கறுப்புத் தோலின் மேல் விழும் வெளிச்சம் நீலமாக இருக்கிறது, கன்னத்தின் ஓரத்தில் செம்மண் நிறம் எட்டிப்பார்க்கிறது.

தெற்குவாசல்

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் கதை வாசித்துக் காட்டுபவள் என்ற இடத்திலிருந்து இரண்டு வார்த்தை.

நீர்வண்ணம் ஐயா சொன்ன "செங்காவி அக்கா மாமா!" என்ற கூச்சலைக் கேட்டு நான் பயப்படமாட்டேன். பிள்ளைகள் முதலில் கத்துவார்கள், அப்புறம் கதைக்குள் போய்விடுவார்கள். தெரிந்த முகம் என்பதால் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் தங்கள் தெருவைப் போன்ற தெருவைப் பார்ப்பதே அபூர்வம்.

என் கவலை மாடலாக வரும் குழந்தையைப் பற்றி. உங்கள் தொகுப்பில் அடி வாங்கும் பையன், பசியோடு தூங்கும் சிறுமி என்றெல்லாம் வரலாம். அந்த வேடத்தில் ஒரு நிஜக் குழந்தையின் முகம் வந்தால் அது அவனோடு பல வருடம் கூடவே வரும். ஆறாம் வகுப்பில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அம்மா அப்பாவிடம் மட்டும் சம்மதம் கேட்டால் போதாது. குழந்தையிடமும் முழுக் கதையையும் சொல்லி, எந்த இடத்தில் நீ வருகிறாய் என்று காட்டி, அவன் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வரைந்து முடித்த பிறகு வேண்டாம் என்றாலும்தான்.

கரிக்கோல்

டீச்சர் சொன்னதோடு சேர்த்து ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், அதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டும் படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குள் முதல் கறுப்பினக் குழந்தையாக நடந்து போனாள். கூட்டம் கத்தியது, மத்திய அரசுக் காவலர்கள் பாதுகாப்புக்கு வந்தார்கள். ராக்வெல் இதை வரைந்தது போஸ்ட் பத்திரிகையை விட்டு விலகிய பிறகு. அங்கே கறுப்பின மக்களைப் பணியாட்களாக மட்டுமே காட்டலாம் என்று சொல்லப்பட்டதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஓவியம் 1964 ஜனவரியில் லுக் பத்திரிகையில் வந்தது.

மாடலாக நடந்தது ஸ்டாக்பிரிட்ஜில் இருந்த ஒரு கறுப்பினக் குடும்பத்துச் சிறுமி. நடக்கிற மாதிரி அசையாமல் நிற்க முடியாதே, அதனால் அவள் பாதத்துக்குக் கீழே மரக்கட்டை வைத்து நிறுத்தினார்கள். காவலர்களின் தலைகளை ராக்வெல் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார், தோளுக்குக் கீழேதான் தெரியும். சுவரில் ஒரு கேவலமான வசைச் சொல், வீசப்பட்ட தக்காளியின் கறை. முகம் தெரிவது குழந்தைக்கு மட்டும். அதில் அழுகையும் இல்லை, வீரமும் இல்லை. பள்ளிக்குப் போகிற குழந்தையின் முகம், அவ்வளவுதான். 2011இல் அந்த ஓவியம் வெள்ளை மாளிகையில் கொஞ்ச காலம் மாட்டப்பட்டபோது, ரூபி பிரிட்ஜஸ் ஒபாமாவோடு நின்று அதைப் பார்த்தார்.

இதில் நமக்கு வேண்டியது என்னவென்றால், கஷ்டமான காட்சியிலும் அந்தக் குழந்தையைக் கெஞ்ச வைக்கவில்லை, கூனிக்குறுக வைக்கவில்லை. மாடலாக வந்த சிறுமி அந்தப் படத்தை யாரிடமும் தைரியமாகக் காட்டலாம். தன்னம்பிக்கைக் கதைக்குப் படம் போடுகிற நாம் பாதி நேரம் கண்ணீரைப் பெரிதாக வரைந்து இரக்கத்தை வரவழைக்கப் பார்க்கிறோம். அடி வாங்கும் பையனை வரைய வேண்டுமா? அடிபட்ட அன்று இரவு அவன் சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிற இடத்தை எடுத்தால் என்ன?

நீர்வண்ணம்63

கரிக்கோல் தம்பி, எந்த நொடியை எடுப்பது என்பதுதான் எங்கள் காலத்திலும் எல்லாம். இந்த விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். அதே ராக்வெல் 1954இல் வரைந்த ஒரு படம் எனக்கும் பிடிக்கும். மகன் கல்லூரிக்குக் கிளம்புகிறான், பளபளக்கும் சூட்டு போட்டு ரயில் வரும் திசையைப் பார்க்கிறான். பக்கத்தில் வேலைத் துணியோடு அப்பா, இருவர் தொப்பியையும் கையில் பிடித்தபடி வேறு பக்கம் பார்க்கிறார். நாய் மட்டும் பையன் மடியில் தலை வைத்திருக்கிறது. யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை.

செங்காவியின் செயின் பார்க்கும் அத்தையும் இந்த வரிசைதான். அதை நான் தலையிலிருந்து எடுத்திருக்க மாட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். புகைப்படம் எடுப்பதற்கு முன்னால் பென்சிலில் கற்பனையாக ஒரு சின்ன ஓவியம் போடுங்கள், கட்டைவிரல் அளவு போதும். பிறகு படம் எடுங்கள். இறுதியாக வரையும்போது புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். நினைவில் நிற்கிற மடிப்பை மட்டும் போடுங்கள். டிரேஸ் எடுத்தால் வேகமாக முடியும், ஆனால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. ராக்வெல்லே படத்தைத் திரையில் வீசிக் கோடு எடுத்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். எடுத்தார்தான். அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் ஆளை நேரில் வைத்து வரைந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தூவானம்

புதிதாக வந்திருக்கிறேன், ஒரு சின்னக் கேள்வி. சொந்தக்காரர்களுக்கு, நண்பர்களுக்குக் காசு கொடுப்பீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். சித்தி அரை நாள் என் படத்துக்காக ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தார்.

கரிக்கோல்

கொடுங்கள். ரோஸியாக உட்கார்ந்த பெண்ணுக்கு ராக்வெல் ஒரு காலைக்கு 5 டாலர் வீதம் 10 டாலர் கொடுத்தார். தெரிந்தவர் என்பதால் அவர் நேரம் இலவசம் ஆகிவிடாது. சித்தி காசாக வாங்கமாட்டார் என்றால் ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கட்டாயம். நன்றிப் பக்கத்தில் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள்.

தெற்குவாசல்

பிள்ளைகளுக்கும் கொடுங்கள். என் மாணவி ஒருத்தி ஒரு ஓவியருக்கு உட்கார்ந்துவிட்டு வந்து, "டீச்சர், நான் வேலை பார்த்தேன்" என்று வகுப்பில் சொன்னாள். அவர் அவளுக்கு ஒரு வண்ணப் பெட்டி கொடுத்திருந்தார். பிள்ளைகளை நீண்ட நேரம் உட்கார வைக்காதீர்கள். இப்படி இரு என்று சொல்வதைவிட ஒரு வேலை கொடுங்கள். பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள், பென்சில் சீவச் சொல்லுங்கள், அவர்கள் மறந்துபோன பிறகு எடுங்கள்.

செங்காவி

எல்லோருக்கும் நன்றி. இத்தனை யோசனைக்குப் பிறகு குடிகாரத் தகப்பன் படத்தை மாற்றிவிட்டேன். தள்ளாடி வரும் காட்சி வேண்டாம் என்று தொகுப்பாசிரியரிடம் பேசினேன், அவரும் ஒப்புக்கொண்டார். பூட்டிக் கிடந்த பட்டறையைத் திறந்து, துருப்பிடித்த உளியைத் தீட்டுக்கல்லில் தேய்க்கிற காலைதான் இப்போது முழுப்பக்க ஓவியம். உள்பக்கத்தில் ஒரே ஒரு சின்னக் கோட்டோவியத்தில் மட்டும் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பவர் வருவார். அதற்கு என் கணவர் முதுகு காட்டி உட்காருகிறார். நான் அந்த வீட்டு மனைவியாக வாசலில் நிற்கிறேன், கரிக்கோல் சொன்ன வழக்கப்படி.

உளி தீட்டுவது மாமாதான். அவர் தச்சர் இல்லை, அதனால் முதல் முறை உளியைக் கத்தி மாதிரி பிடித்தார். எதிர்வீட்டு அண்ணன் தச்சு வேலை பார்ப்பவர். உளியின் சாய்ந்த முகத்தைக் கல்லோடு படிய வைத்து, இடது கை இரண்டு விரலால் மேலே அழுத்த வேண்டும் என்று அவர் காட்டினார். கடைசியில் முகம் மாமாவுடையது, கைகள் அண்ணனுடையவை. இருவரையும் ஒரே ஜன்னல் பக்கத்தில், சுவர்க்கோட்டுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுத்தேன், வெளிச்சம் பொருந்திவிட்டது.

அத்தையிடம் இரண்டு பென்சில் படத்தையும் காட்டினேன். "இது போடலாம்" என்றார். அப்புறம் சைக்கிள் படத்தில் கேரியரை ரொம்பச் சின்னதாகப் போட்டிருப்பதாகவும், அந்த நாளில் அதில் இரண்டு குடம் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். கேரியரைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். குடத்தைக் கயிற்றால் எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அத்தைக்கு முடிச்சு மறந்துவிட்டதாம்.

அச்சுக்கூடம்

எங்கள் அம்மா கட்டுவார். குடத்தின் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, கேரியருக்கு அடியில் குறுக்காக விட்டு, மறுபக்கக் குடத்தின் கழுத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு குடமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். நாளைக்கு அம்மாவைக் கட்டிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எட்டடி தள்ளி நின்றுதான் எடுப்பேன்.